எல்லா வீடும் எங்கள் மொட்டைமாடியில்

"நீதானேடி சொன்னே, மாடிக்குப் போய் எடுன்னு! இப்ப வாயே திறக்க மாட்டேங்கிறே!"

"கத்தாதக்கா. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்க மாடிலதானே நின்னேன்? அவங்களுக்குத் தெரியாததா?"

பக்கத்து வீடு என்றால் நாங்கள்தான். கேட்கத்தான் செய்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. கழுவின பாத்திரங்களைத் துடைத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அலமாரி அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அன்றைக்கு ஒரே தட்டைக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தேன், அவ்வளவுதான்.

"ஆபீஸ்லேர்ந்து போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா?" இது அக்காக்காரி, பெரியவள். "வரைபடத்துல தெருவுல இருக்கற அத்தனை வீட்டுப் புள்ளியும் ஒரே மொட்டைமாடில விழுந்திருக்காம். எல்லாமே காலைல, ஒண்ணு பின்னால ஒண்ணா பதிவாயிருக்காம். 'வீட்டுக்கு வீடு போகாம ஒரே இடத்துல உக்காந்து நீங்களே எழுதிட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. நாளைக்கு ஆள் வருது பாக்க. பொய்க் கணக்குன்னு முடிவாச்சுன்னா பேரை அடிச்சிடுவாங்களாம். கேட்டுச்சா?"

சின்னவள் குழாயைத் திறந்துவிட்ட சத்தம்தான் வந்தது.

"சொல்லுடி!"

அப்போதுதான் அவர்கள் அப்பாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் நிறுத்துங்க. வேலை இருந்தா இங்க இரு. வேலை போச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பு. அன்னைக்கே பேசினதுதான். ரைட்."

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் 'ரைட்' என்று சொல்லிவிட்டால் வண்டி கிளம்பிவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் யாரும் ஓடி வந்து தொற்றிக்கொள்ள முடியாது. வேலையில் இருந்த காலத்தில் வண்டியை நிறுத்த 'ஹோல்டான்' என்றும் சொல்லியிருப்பார்தான். வீட்டில் அதைச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் சண்டை அத்தோடு நின்றது. நான் கையிலிருந்த தட்டை அலமாரியில் வைத்தேன்.

பெரியவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் போனவள் ஒரு நாள் மத்தியானம் கையில் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்து நின்றாள். புருஷன் இரும்புக்கடை வைத்திருக்கிறான். குடி கிடையாது, கை நீட்டமாட்டான், குரலைக்கூட உயர்த்தமாட்டான். அதனால் தெருவில் எல்லோரும் அவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தையற்கடைக்காரர் மட்டும் வெளிப்படையாகவே, "தங்கமான மனுஷனாச்சே, இவளுக்கு என்ன குறை?" என்று கேட்டார். குறை என்ன என்பதை நான் மெதுவாக அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். கடைக்குப் போகும்போது அந்தத் தங்கமான மனுஷன் வாசலில் வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போவானாம். மத்தியானம் சாப்பிட வரும்போது திறப்பான். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி பூட்டு. "கடைல வித்துட்டு மிஞ்சின பூட்டெல்லாம் எங்க வீட்டு வாசல்லதான் அத்தை" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. வேலை ஒன்று தேடிக்கொண்டால் இருக்கலாம், சும்மா உட்கார்ந்திருந்தால் ஊர் பேசும், திரும்பிப் போ என்றுவிட்டார். மாப்பிள்ளையும் சாயங்காலம் ஆனால் போன் போட்டு, "எப்ப மாமா வந்து கூட்டிட்டுப் போகட்டும்?" என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டே இருந்தான். அந்த நெருக்கடியில்தான் சின்னவள் தன் ஆபீஸில் சொல்லி அக்காவுக்குக் கணக்கெடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். வீடு வீடாகப் போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிச் சேர்த்து வைக்கிறீர்கள் என்று கேட்டு, டேப் என்கிற கைக்கணினியில் பதிய வேண்டும். புதுக் குழாய் போடுவதற்கான கணக்கெடுப்பு.

சின்னவள் தெருப்பக்கம் போகிறவள் இல்லை. ஆபீஸில் உட்கார்ந்து அந்த டேப்புக்குள் வரும் படிவத்தைச் செய்கிறவள். எந்தக் கேள்வி முதலில், எது பிறகு, எதற்கு எண் மட்டும், எதற்குப் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும், எதை நிரப்பாமல் தாண்டவே கூடாது, எல்லாம் அவள் வைத்த சட்டம். தாண்டக் கூடாத கட்டத்தின் தலையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். தெருவில் அவளுக்குக் 'கட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டோம். யார் வைத்தது என்று கேட்டால் தையற்கடைக்காரரைக் கைகாட்டுவேன்.

படிவம் தயாராகும்போது அவள் என்னிடம்தான் சோதித்துப் பார்த்தாள். "அத்தை, உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? குழாயா, கிணறா, லாரியா?"

"வெயில் காலத்துல உங்க வீட்டுலேர்ந்துதான்."

முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் 'பக்கத்து வீடு' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

"எதுக்குடி ஒவ்வொண்ணா சேர்க்கறே? கடைசில 'மற்றவை'ன்னு ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுது."

"அய்யோ, 'மற்றவை' மட்டும் வைக்கவே மாட்டேன் அத்தை. அதை வச்சா சோம்பேறிங்க எல்லாம் அதையே தொட்டுட்டுப் போயிடுவாங்க. எது எது நடக்கும்னு முன்னாடியே யோசிச்சுப் பட்டியல் போட்டுட்டா போதும்."

எது எது நடக்கும் என்று முன்னாடியே தெரிந்தவள். நானும் மெச்சிக்கொண்டுதான் கேட்டேன்.

தவறு எங்கே நடந்தது என்றால், முதல் பக்கத்தில். வீடு இருக்கும் இடத்தை வானத்துச் செயற்கைக்கோளிடம் கேட்டு டேப் தானே குறித்துக்கொள்ளும் கட்டம் அது. இதற்கு முன் எடுத்த ஒரு கணக்கில் பாதி வீடுகள் வரைபடத்தில் ஏரிக்குள் போய் விழுந்துவிட்டனவாம். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சின்னவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இந்தத் தடவை ஒரு புள்ளிகூடத் தப்பாது என்று அவரிடம் வாக்குக் கொடுத்தவள், ஐந்து மீட்டருக்குள் துல்லியம் வந்தால்தான் அடுத்த பக்கமே திறக்கும் என்று கட்டளை போட்டுவிட்டாள். தலையில் சிவப்பு நட்சத்திரம் வேறு. ஆபீஸ் வாசலில் வண்டி நிறுத்தும் மைதானத்தில் நின்று சோதித்தாளாம். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டதாம்.

மைதானத்தில் வராமல் என்ன? எங்கள் சந்தில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகவே உப்பு வாங்கிக்கொள்ளும் அகலம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் போலத் தெரியும். மற்ற தெருக்கள் அகலம், அங்கே தொல்லை இல்லை. இங்கே பெரியவள் டேப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வாசல் நின்றாள். பதினெட்டு மீட்டர், இருபத்திரண்டு, பதினாறு, அப்புறம் முப்பது. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த பக்கம் திறக்காது. கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக வந்து நின்றவர்கள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே தங்கையிடம் சொன்னாள். சுவர் வழியாக எனக்கும் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"அதைக் கொஞ்சம் தளர்த்திடேன்டி."

"இப்ப மாத்தினா எல்லார் டேப்லயும் புதுசா இறக்கணும்க்கா. ஏன்னு கேப்பாங்க. இந்த மாசம்தான் என்னை நிரந்தரம் பண்றாங்க. இப்பப் போய்த் தப்பா வச்சுட்டேன்னு சொல்லச் சொல்றியா? நீ ஒண்ணு பண்ணு. அத்தை வீட்டு மாடில ஏறினா வானம் திறப்பா இருக்கும். அங்க பிடிச்சுட்டுக் கீழ வந்து கேள்வியைக் கேளு. பக்கத்து வீடுதானே, பெருசா என்ன வித்தியாசம் வந்துடப்போகுது?"

பெரியவள் மறுநாளே வந்து கேட்டாள். நான் மாடிக் கதவைத் திறந்துவிட்டேன். எனக்கு என்ன கசக்குமா? ஆள் வந்தால் பேச்சு வரும். முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை ஏறி இறங்கினாள். முழங்கால் கழன்றுபோனது. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் வந்ததும் மாடியில் நின்று அன்றைக்குப் போக வேண்டிய வீடுகளுக்கெல்லாம் படிவத்தைத் திறந்து, புள்ளியை மட்டும் பிடித்து, அரைகுறையாகச் சேமித்து வைத்துக்கொள்வாள். பிறகு இறங்கி வீடு வீடாகப் போய் மீதியை நிரப்புவாள். ஒரு வீட்டைக்கூட அவள் விடவில்லை. தையற்கடைக்காரர் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்பதைக்கூடக் குனிந்து பார்த்து எழுதினாள். அதற்கு அவர் கோபித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

ஆனால் இதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மாடி, ஒரே காலை, அத்தனை வீடு.

சண்டை ஓய்ந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. சல்லடை கேட்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முகத்துக்கு முன்னால் செய்தித்தாளைப் பிடித்திருந்தார். பக்கம் புரட்டவே இல்லை. உள்ளே பெரியவள் தன் துணிகளை மடித்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது கொண்டுவந்த அதே பை பக்கத்தில் வாய் திறந்து கிடந்தது.

"என்னடி இது?"

"சும்மா அத்தை. அலமாரி ஒழுங்கு பண்றேன்."

ஒரு புடவையை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். நான் சல்லடையை மறந்துவிட்டேன்.

சமையலறையில் சின்னவள் மடிக்கணினியை அடுப்பு மேடையில் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். திரையில் அந்தக் கட்டம். ஐந்து என்ற எண்ணை அழிப்பாள், முப்பது என்று அடிப்பாள், சேமிக்காமல் மறுபடி ஐந்து என்று அடிப்பாள்.

"மாத்திடேன்" என்றேன், ஏதோ தெரிந்தவள் மாதிரி.

"இப்ப மாத்தினா எப்ப யார் மாத்தினதுன்னு அதுலயே விழும் அத்தை. மாட்டிக்குவேன்." நகத்தைக் கடித்துத் துப்பினாள். "நான் சொன்னா என் வேலை போயிடும். சொல்லலன்னா அவ போயிடுவா. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

வாய் உள்ளவள் என்று தெருவில் எனக்குப் பெயர். அன்றைக்கு அவள் முதுகைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு?" என்றார். இந்த மனுஷனிடம் சொன்னதற்குச் சுவரிடமே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஆள் வந்தார். தடித்த கண்ணாடி, தோளில் பை, கையில் டேப். வந்தவர் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. டேப்பைப் பார்த்துக்கொண்டே புள்ளியைத் துரத்தியபடி நடந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். பெரியவள் பின்னால் வந்தாள். சின்னவள் அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை, தலைவலி என்று சொல்லியிருந்தாள். அவளும் எங்கள் மாடிப்படி வரை வந்து, மேலே ஏறாமல் நடுப்படியில் நின்றுகொண்டாள்.

கண்ணாடிக்காரர் மாடியைச் சுற்றிப் பார்த்தார். காயப்போட்ட வேட்டி, தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த நாற்காலி. "இந்த மாடில எத்தனை குடும்பம் இருக்கு?" என்றார்.

"ஒண்ணுதான் சார். ரெண்டு பேர். அதுல ஒருத்தர் பேசவே மாட்டார்."

அவர் சிரிக்கவில்லை. "டேப்ல தெருவே இங்கதான் குடியிருக்கு."

பெரியவள் சொல்லத் தொடங்கினாள். சந்தில் கிடைக்காதது, காலையில் ஏறியது, பிறகு வீடு வீடாகப் போனது. தங்கை பெயரை அவள் எடுக்கவில்லை. மாடிக்கு ஏறச் சொன்னது யார் என்பதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் கவனித்தேன். நடுப்படியில் நின்றவளும் கவனித்திருப்பாள்.

"போகாம எழுதினவங்களும் இதைத்தாம்மா சொல்வாங்க" என்றார் அவர். கோபமாக இல்லை, களைப்பாக.

கீழே சந்திலிருந்து தையற்கடைக்காரர் கத்தினார். "வந்தாங்க சார்! என் தொட்டிக்குள்ள தலையை விட்டுப் பாத்தாங்க!"

"ஒரே தெருக்காரங்க. வேற எப்படிச் சொல்வாங்க?" அவர் டேப்பில் வேறொரு பக்கத்தைத் திறந்தார். "இதை நான் நிராகரிச்சு அனுப்பணும். காரணம்னு நாலுதான் இருக்கு, அதுல ஒண்ணைத் தொடணும். 'வீட்டுக்குச் செல்லவில்லை.' 'பதிலைத் தானே எழுதினார்.' 'வேறு வீட்டில் எடுத்தது.' 'வேறு ஆளை அனுப்பினார்.' எதைத் தொடட்டும், நீங்களே சொல்லுங்கம்மா."

அவர் விரல் முதல் வரிக்கு மேலே நின்றது. நான் பக்கத்துக் கொடியில் இருந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அதைத் தொட்டுவிட்டால் முடிந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்வான். அப்பா 'ரைட்' சொல்வார். கட்டில் மேல் துணி மடித்தே இருக்கிறது.

"அதுல ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

படியிலிருந்து சின்னவள் மேலே வந்திருந்தாள்.

"எதுலம்மா?"

"அந்தப் பட்டியல்ல. அதை நான்தான் போட்டேன். நாலுமே எடுக்கறவங்க தப்பு. படிவத்துல தப்பு இருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. 'மற்றவை'யும் வைக்கல."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "நீங்க?"

"அந்த அஞ்சு மீட்டர் கட்டமும் நான்தான் வச்சேன். வாங்க சார், கீழ போலாம். ஒரே ஒரு வீட்டுக்கு நீங்களே எடுத்துப் பாருங்க."

இறங்கினோம். நானும்தான், என் மாடி, என் படி. தையற்கடை வாசலில் அவரை நிறுத்தினாள். அவர் டேப்பைத் தூக்கிப் பிடித்தார். சக்கரம் சுற்றியது. பத்தொன்பது. இருபத்தி நாலு. கையை உயர்த்தினார். பதினேழு. ஜன்னல்கள் திறந்தன. தையற்கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காராமல், கை மாற்றிப் பிடித்து, ஓரடி முன்னே போய், ஓரடி பின்னே வந்து, கடைசியில் நாற்காலி மேல் ஏறியே நின்று பார்த்தார். முப்பத்தொன்று. கழுத்தெல்லாம் வியர்வை. பெரியவள் கண் கொட்டாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே அன்றைக்கென்று பார்த்து ஐந்து வந்து தொலைத்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

வரவில்லை.

"இது வராதும்மா" என்று இறங்கினார்.

"அவகிட்டயும் வரல சார். முதல் நாளே என்கிட்ட சொன்னா. நான்தான் ஆபீஸ்ல சொல்லாம, மாடிக்குப் போய் எடுன்னு சொன்னேன். சோதிச்சது மைதானத்துல. இந்தச் சந்துலயே பொறந்து வளந்திருக்கேன், ஆனா இங்க நின்னு பாக்கல." அவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "இப்ப எதைத் தொடணுமோ தொடுங்க" என்றாள்.

அவர் எதையும் தொடவில்லை. ஓரமாகப் போய் ஆபீஸுக்குப் பேசினார். பிறகு போனைச் சின்னவளிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இந்தப் பக்கம் "ஆமா சார்", "நான்தான் சார்", "தெரிஞ்சுதான் சார்" மட்டும் கேட்டது. பெரியவள் போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் அந்தக் கத்து கத்தினவள்.

முடிவு இதுதான். பெரியவள் பெயரை அடிக்கவில்லை. ஆனால் தெரு முழுவதும் இடத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். புதுப் படிவத்தில் ஐந்து மீட்டர் கிடைக்காவிட்டால் வரைபடத்தில் வீட்டின் மேல் விரலை வைத்துக் காட்டலாம். சின்னவளுக்கு நிரந்தரம் கிடையாது. இந்தக் கணக்கெடுப்பு முடியும்வரை இருக்கலாம், அப்புறம் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் நான் தட்டுத் துடைக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டில் போன் அடித்தது. அப்பா எடுத்தார். கொஞ்ச நேரம் "ம்", "ம்" என்றார். அந்த முனையில் மரியாதை நீண்டுகொண்டே போனது போலிருக்கிறது.

"ஹோல்டான் மாப்பிள்ளை" என்றார்.

என் கையில் தட்டு அப்படியே நின்றது.

"பொண்ணுக்கு வேலை இருக்கு. நாளைக்குத் தெரு முழுக்கப் போகணும். நீங்க வர வேண்டாம். ரைட்."

போனை வைத்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள். யார் என்று சுவர் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்காரர் புதுப் புள்ளிகளைச் சரிபார்க்க இன்னும் இரண்டு தடவை வந்தார். சின்னவளிடம் அவர் நின்று பேசிய விதத்தைப் பார்த்து நான் மனசுக்குள் பந்தலே போட்டுவிட்டேன். விசாரித்தால் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. சின்னவள் வேறு நகரத்தில் ஒரு ஆபீஸில் சேர்ந்து, கூட வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது எல்லாப் பட்டியலிலும் கடைசியில் 'மற்றவை' வைக்கிறாளாம். அதற்காக அங்கேயும் திட்டு வாங்குகிறாளாம். இரும்புக்கடைக்காரனிடம் எழுதி வாங்கிப் பெரியவளைப் பிரித்துவிட்டார்கள். அவன் வருஷம் திரும்புவதற்குள் இன்னொருத்தியைக் கட்டினான். அவள் வந்த வாரமே வாசல் பூட்டைக் கிணற்றில் போட்டுவிட்டு, சாவியை மட்டும் அவன் தட்டில் வைத்தாளாம். இதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

பெரியவள் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் பக்கத்தில் அகலமான தெருவாகப் பார்த்துக் குடிபோய்விட்டாள். அவர்கள் இருந்த வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருக்கிறது. என்ன ரகசியமோ, அவ்வளவு மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். இப்போதெல்லாம் என் பாத்திரங்கள் சீக்கிரமே துடைத்து முடிந்துவிடுகின்றன.